கார்புரேட்டர் ஜிப்சியில் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின்: ஐடிலிங் ஏறி இறங்குவதை எங்கிருந்து தேடுவது?

கேள்வி "ஈசிஎம்மை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டியை) மாற்றலாமா?" என்று முடிகிறது. அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், கோளாறு எஞ்சினிலா, வயரிங்கிலா, பொருத்திய விதத்திலா என்று காசை வீணாக்காமல் கண்டுபிடிக்க வழி கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. விவரம் இதுதான்: 1998 ஜிப்சி கிங், முதலில் கார்புரேட்டர் வண்டி. அதில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் காரிலிருந்து கழற்றிய 1.3 லிட்டர், 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினை (கார்புரேட்டருக்குப் பதில் சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை) ஏற்றியிருக்கிறீர்கள். வண்டி ஊட்டியில் இருக்கிறது. காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக நிற்கிறது. சூடேறியதும் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) 700க்கும் 1500 ஆர்பிஎம்முக்கும் நடுவே ஏறி இறங்குகிறது, கீழே வரும்போது உதறுகிறது. பிரேக்கை மிதித்தால் அது மாறுகிறது. நிறுத்தப் போகும் நேரத்தில் சில சமயம் அணைந்தே போகிறது. ஓட்டத்தில் பிக்கப் குறை இல்லை. பிளக், ஆக்சிஜன் சென்சார், ஐஏசி வால்வு (ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைப்பது) மூன்றையும் புதிதாகப் போட்டாயிற்று. வேக்கம் கேஜ் (எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சலைப் பாதரச அங்குலத்தில் காட்டும் மீட்டர்) 12 அங்குலம்தான் காட்டியது என்பதால் எஞ்சினே வீக் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள்.

ஈசிஎம்மை இப்போது வாங்காதீர்கள். ஓட்டத்தில் நன்றாக இழுத்து ஐடிலிங்கில் மட்டும் தடுமாறும் வண்டியில் ஈசிஎம் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். அதோடு, இந்த எஞ்சினுக்கு ஜிப்சி புதிய வீடும் அல்ல. 2000 வாக்கில் ஜிப்சியிலேயே இந்த 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினின் உடன்பிறப்பு கம்பெனியிலிருந்து வந்தது. ஆகவே இது பொருந்தாத கல்யாணம் இல்லை. பிரச்சினை பெரும்பாலும் இரண்டு வண்டிகள் ஒட்டும் இடங்களில்தான் இருக்கும்: வெட்டிய ஹோஸ், அடைக்காத முனை, மாட்டாத எர்த், விட்டுவிட்ட சென்சார்.

முதலில் அந்த 12 அங்குலத்தை முடித்துவிடுவோம். கேஜோடு வரும் அட்டையில் ஐடிலிங்கில் 18 முதல் 21 அங்குலம் என்று போட்டிருக்கும். அது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஆயிரம் அடி ஏற ஏற ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அதாவது ஏழாயிரம் அடிக்கு மேல். அங்கே நல்ல எஞ்சினே 11 முதல் 14 வரைதான் காட்டும். கம்ப்ரஷனுக்கும் (சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று அளப்பது) இதே கதைதான். சமவெளியில் சிலிண்டருக்கு 14 கிலோ காட்டும் எஞ்சின் ஊட்டியில் பத்தரை கிலோ சுற்றித்தான் காட்டும். அந்த எண்ணை வைத்து ஹெட்டை இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். அது ஒரு கிலோவுக்கு மேல் போனால்தான் கவலை. வேக்கம் கேஜிலும் எண்ணைவிட முள்ளின் நடத்தை முக்கியம். ஒரே சீராகத் துடித்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் குறை. நீங்கள் சொல்வதுபோல ஆர்பிஎம்மோடு சேர்ந்து மெதுவாக ஏறி இறங்கினால் காற்றுக் கணக்கு எங்கோ தப்புகிறது. அசையாமல் தாழ்வாகவே நின்றால் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஓட்டத்தில் குறை இல்லை என்பதால் அது உங்கள் வண்டியில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, 'உதறல்' என்று ஒரே வார்த்தையில் சொல்வதைப் பிரிக்க வேண்டும். ஆர்பிஎம் அசையாமல் நிற்கிறது, வண்டி மட்டும் குலுங்குகிறது என்றால் மவுண்டிங் ரப்பர் அல்லது எங்காவது இடிக்கிற சைலன்சர் பைப். எஞ்சின் மாற்றிய வண்டியில் முன்பக்க பைப் சேஸிஸை ஒரு நூலளவில் தொட்டுக்கொண்டிருப்பது சாதாரணம். ஆர்பிஎம் தாழ்வாக இருந்து 'டப்… டப்' என்று ஒழுங்கான இடைவெளியில் விட்டு விட்டு அடித்தால் ஒரு சிலிண்டர் மிஸ். நான்கு சிலிண்டரும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் அது ஹன்டிங். உங்களுடையது மூன்றாவது. இறங்கும் நேரத்தில் வரும் உதறல் அதன் விளைவு.

இந்த ஹன்டிங் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த எஞ்சினில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மீட்டர் கிடையாது. மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தை மேப் சென்சார் சொல்ல, ஆர்பிஎம்மையும் வெப்பத்தையும் சேர்த்து ஈசிஎம் காற்றைக் கணக்குப் போட்டுப் பெட்ரோல் விடுகிறது. காற்றை அளக்கும் மீட்டர் உள்ள கார்களில் ஏர் லீக் இருந்தால் பெட்ரோல் பத்தாமல் போகும். அந்தக் கார்களுக்கு எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு இந்த எஞ்சினில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். இதில் லீக் வழியாக வரும் காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கூட்டுகிறது, ஈசிஎம் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விடுகிறது, ஐடிலிங் ஏறுகிறது. ஏறியதைக் குறைக்க ஐஏசி வால்வை மூடுகிறது. முழுக்க மூடியும் குறையவில்லை என்றால், ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் ஆர்பிஎம் இவ்வளவு உயரத்தில் இருப்பதைப் பார்த்து, வண்டி இறக்கத்தில் உருளுகிறது என்று எண்ணிப் பெட்ரோலை நிறுத்துகிறது. ஆர்பிஎம் விழுகிறது. விழுந்ததும் மறுபடி பெட்ரோல் விடுகிறது, மறுபடி ஏறுகிறது. 700க்கும் 1500க்கும் இடையே நீங்கள் பார்க்கும் ஊஞ்சல் இதுதான்.

காலையில் ஏன் நன்றாக நிற்கிறது என்பதற்கும் இதிலேயே பதில் உண்டு. குளிர்ந்த எஞ்சினுக்கு ஈசிஎம் எப்படியும் கூடுதல் ஐடிலிங் கொடுக்கும். லீக் வழியாக வரும் காற்று அந்தத் தேவைக்குள் அடங்கி மறைந்துவிடும். சூடேறி, ஐடிலிங்கை 800 பக்கம் இறக்கப் பார்க்கும்போதுதான் உபரிக் காற்று வெளியே தெரிகிறது. புது ஐஏசி வால்வு போட்டும் பலன் இல்லாததும் இதனால்தான். மூடுவதற்கு மேல் அந்த வால்வு வேறென்ன செய்யும்?

ஆகவே முதல் சோதனை காற்று. எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றி, த்ராட்டில் பாடியின் வாயில் பட்டர்ஃப்ளைக்கு (ஆக்சிலேட்டரோடு திறந்து மூடும் தகட்டுக்கு) வெளிப்பக்கம் இருக்கும் ஐஏசி துளையை விரலாலோ சிறு ரப்பர் துண்டாலோ அடையுங்கள். துண்டு உள்ளே இழுபடாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பட்டர்ஃப்ளை மூடியிருக்க, இந்தத் துளையும் அடைபட்டால் ஒழுங்கான எஞ்சின் தடுமாறி அணையப் பார்க்க வேண்டும். அணையாமல் ஆயிரத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தால் காற்று வேறு வழியில் வருகிறது என்பது உறுதி. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு, மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஆர்பிஎம் சரேலென்று விழுகிறதோ அந்த வழிதான்.

முதலில் பிரேக் பூஸ்டர் (எஞ்சினின் வேக்கத்தால் பிரேக் மிதியை லேசாக்கும் டப்பா) ஹோஸ். மிதிக்கும்போது ஒரு நொடி ஐடிலிங் அசைந்து திரும்புவது எல்லா வண்டியிலும் உண்டு. மிதித்துப் பிடித்திருக்கும் வரை மாறியே இருந்தாலோ, பெடல் பக்கம் 'உஸ்' சத்தம் கேட்டாலோ பூஸ்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அப்படியானால் ஐடிலிங்கை விடுங்கள், அது பிரேக் விஷயம். மலைப்பாதையில் அந்த வண்டியை எடுக்கவே கூடாது. ஜிப்சியின் பழைய ஹோஸ் ஒரு அளவு, எஸ்டீம் மேனிஃபோல்டின் நிப்பிள் வேறு அளவு என்று நடுவில் ஒட்டுப் போட்டிருந்தால் அந்த ஒட்டையும் பாருங்கள். ஹோஸில் ஒருவழி வால்வு இருக்கிறதா, சரியான திசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொரு வழக்கமான தப்பு, மேப் சென்சாருக்குத் தனி நிப்பிள் கொடுக்காமல் பூஸ்டர் ஹோஸிலேயே டி வடிவ இணைப்புப் போட்டு எடுப்பது. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஈசிஎம்முக்குப் பொய்க் கணக்கு போகும். மேப் ஹோஸ் தனியாக, குட்டையாக, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான அறையிலிருந்து வர வேண்டும்.

அடுத்து கரிமப் பெட்டிக்கு (டேங்க்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைப்பது) போகும் பர்ஜ் ஹோஸ். கார்புரேட்டர் ஜிப்சியில் எம்.பி.எஃப்.ஐ. பர்ஜ் வால்வுக்கு ஏற்பாடு இல்லாததால், முனையைத் திறந்தே விட்டிருப்பார்கள் அல்லது ஒரு போல்ட்டைச் சொருகியிருப்பார்கள். போல்ட் சூட்டில் தளரும். எஞ்சினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்கு விடும் பிசிவி வால்வின் ஹோஸ் அடிப்பக்கம் வெடித்திருப்பதும் சகஜம். கையால் தடவித்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. எஸ்டீமில் குறுக்கே கிடந்த எஞ்சினை ஜிப்சியில் நீளவாட்டில் வைக்கும்போது மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். பழைய கேஸ்கெட்டையே சிலிக்கான் பூசிப் போட்டிருந்தால் அங்கும் லீக் உண்டு. அதைப் பார்க்க இணைப்பு நெடுக, எலக்ட்ரிக் கப்ளர்களில் படாமல், தண்ணீரை மெல்லிய ஸ்ப்ரேயாக அடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் ஐடிலிங் மாறுகிறதோ அங்கே ஓட்டை. கார்ப் க்ளீனரை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் வேலை.

ஹோஸ் எதுவும் சிக்கவில்லை என்றால் ஆக்சிலேட்டர் கேபிள். கார்புரேட்டருக்கான ஜிப்சி கேபிளை எம்.பி.எஃப்.ஐ. த்ராட்டிலில் மாட்ட ஒரு பிராக்கெட் செய்திருப்பார்கள். கேபிள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலே பட்டர்ஃப்ளை முழுதாக மூடாது. எஞ்சின் சூடாகி அசையும்போது இன்னும் இழுக்கும். கேபிளை த்ராட்டிலிலிருந்து அடியோடு கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். இதைவிட எளிய சோதனை இல்லை. த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை யாராவது திருப்பி ஐடிலிங் 'செட்' செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கார்புரேட்டர் பழக்கத்தில் கை அங்கேதான் முதலில் போகும். திருப்பியிருந்தால் பட்டர்ஃப்ளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டிபிஎஸ் சென்சாரின் மூடிய நிலை வோல்டேஜும் மாறியிருக்கும். பட்டர்ஃப்ளை மூடியிருப்பதே ஈசிஎம்முக்குத் தெரியாமல் போகலாம். மல்டிமீட்டரில் மூடிய நிலையில் அரை வோல்ட் பக்கம் தொடங்கி, திறக்கத் திறக்க எங்கும் துள்ளாமல் ஏற வேண்டும்.

இவ்வளவையும் தொடங்குவதற்கு முன்பே ஒன்று செய்துவிடுவது நல்லது. ஜிப்சி டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு இருக்காது. வயரிங் செய்தவர் அந்த ஒயரைச் சுருட்டிக் கட்டியிருப்பார். இக்னிஷன் பாசிட்டிவுக்கும் அந்த ஒயருக்கும் நடுவே ஒரு சிறிய 12 வோல்ட் மீட்டர் பல்பைப் போடுங்கள். இந்தக் காலத்து மாருதி எஞ்சின்களில் டயக்னாஸிஸ் கப்ளரின் டயக் முனையை எர்த் செய்து சாவியைப் போட்டால் அந்த விளக்கு கோளாறு எண்ணை, அதாவது 'கோடு' என்பதைச் சிமிட்டிக் காட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். எந்த ஒயர் எது என்று வயரிங் படத்தைப் பார்த்துவிட்டே தொடுங்கள். இன்றைய ஸ்கேனரைச் சொருகினால் பெரும்பாலும் பேசாது, ஓபிடி 2 என்ற பொதுவான ஸ்கேனர் முறை வருவதற்கு முந்தைய எஞ்சின் இது. ஆனால் 12 வந்தால் எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஏர் லீக்குக்குக் கோடு வராது. பொய் சொல்லும் சென்சாருக்கும், அதன் பொய் எல்லைக்குள் இருந்தால், கோடு வராது.

பொய் சொல்லும் சென்சார்களில் முதலிடம் வெப்ப சென்சாருக்கு. எஞ்சினில் டேஷ்போர்டு வெப்ப மீட்டருக்கு ஒற்றை ஒயர் சென்சார், ஈசிஎம்முக்கு இரட்டை ஒயர் சென்சார் என்று தனித்தனியாக இருக்கும். ஈசிஎம்முக்கானதைக் கழற்றி ஓம் பார்த்தால் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் பக்கமும், 80 டிகிரியில் முந்நூறு ஓம் பக்கமும் இருக்க வேண்டும். சென்சார் சரியாக இருந்தும் எஞ்சின் சூடாகவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வை) கழற்றி எறிந்திருக்கிறார்கள். சமவெளிப் பட்டறைகளில் 'ஹீட் ஆகக்கூடாது' என்று செய்யும் வேலை இது. ஊட்டிக் குளிரில் அப்படிச் செய்தால் எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டிலேயே இருக்கும். பெட்ரோல் அதிகம் விட்டு பிளக் கரி பிடிக்கும். மேப் சென்சாருக்கும் மலை உயரத்துக்கான கணக்கு உண்டு. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் உங்கள் உயரத்தில் 2.7 முதல் 3.7 வோல்ட் வரை இருக்கலாம், ஐடிலிங்கில் 1 முதல் 1.5 வரை இறங்க வேண்டும். 'நாலு வோல்ட் வரணும்' என்று சொல்லி நல்ல சென்சாரை மாற்றிவிடாதீர்கள்.

ஆக்சிஜன் சென்சாரைப் புதிதாகப் போட்டதாகச் சொல்கிறீர்கள். அதற்கு முன்னால் உள்ள பைப் இணைப்பைப் பார்த்தீர்களா? எஸ்டீம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் ஜிப்சி பைப்பையும் வெல்டு வைத்துச் சேர்த்திருப்பார்கள். அந்த வெல்டில் ஊசித் துளை இருந்தாலும் ஐடிலிங்கில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அதைப் பார்த்து 'பெட்ரோல் பத்தவில்லை' என்று சொல்லும்; ஈசிஎம் மேலும் மேலும் விடும். பிளக் கருப்பாக, டெயில் பைப்பில் பெட்ரோல் வாசனையோடு இருந்தால் இதைத் தேடுங்கள். குளிர் ஸ்டார்ட்டில் அந்த இணைப்பின் பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், சுற்றிலும் கரி படிந்திருக்கும்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் கரண்ட் போக தடித்த எர்த் பட்டை வேண்டும். ஐடிலிங்கில் ஹெட்லைட் போட்டு, மல்டிமீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பை எஞ்சின் பிளாக்கில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. பிறகு ஈசிஎம் எர்த் பின்னிலும் இதே சோதனை. அங்கே இன்னும் குறைவாக இருக்க வேண்டும். சென்சார்களின் எர்த் ஒயரை 'எர்த்துதானே' என்று பாடியில் அடித்திருந்தால் பிரித்து ஈசிஎம்முக்கே கொண்டு போங்கள். ஈசிஎம்முக்கு நேரடி பேட்டரி சப்ளை ஒன்றும், சாவி வழி சப்ளை ஒன்றும் வேண்டும். இரண்டையும் சாவியில் சேர்த்துவிட்டால், ஓடி ஓடிக் கற்ற ஐடிலிங் கணக்கை ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் மறந்துவிடும்.

நிறுத்தும் நேரத்தில் அணைவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று ஈசிஎம்முக்குச் சொல்லும் ஸ்பீட் சென்சார் கார்புரேட்டர் ஜிப்சியில் கிடையாது, வெறும் கேபிள் ஸ்பீடோமீட்டர்தான். அந்த சிக்னல் வராவிட்டால், கிளட்சை மிதித்து வண்டி நிற்கும் நேரத்தில் ஐடிலிங்கைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை ஈசிஎம் சரியாகச் செய்யாது. எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சியின் ஸ்பீடோ ஏற்பாட்டை அப்படியே எடுத்து மாட்டுவதுதான் நல்ல வழி. ஆனால் இது சந்தேகம் மட்டுமே. ஹன்டிங்கின் அடிமட்டம் 700 என்றால், அதுவே அணைவதற்குப் போதும். ஏர் லீக்கை அடைத்த பிறகும் அணைந்தால் மட்டும் இதற்கு வாருங்கள்.

பெட்ரோல் பிரஷரைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஓட்டத்தில் குறை இல்லாததால் பம்ப் தேறிவிட்டது என்றே நினைக்கிறேன். பம்ப் ஓடி எஞ்சின் ஓடாதபோது 2.7 முதல் 3.1 கிலோ, ஐடிலிங்கில் 2.1 முதல் 2.6 கிலோ. ஐடிலிங்கிலும் 3 கிலோ தாண்டினால் ரிட்டர்ன் லைன் நசுங்கியிருக்கிறது அல்லது பழைய மெல்லிய பைப்பையே ரிட்டர்னுக்கு விட்டிருக்கிறார்கள். பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் போய்விட்டது, ரெகுலேட்டரை மாற்றியே ஆக வேண்டும்.

ஹன்டிங் நின்ற பிறகும் ஒரு உதறல் மிச்சம் இருந்தால் அப்போது சிலிண்டர் சிலிண்டராகப் பாருங்கள். இன்ஜெக்டர் கப்ளரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் நான்கிலும் ஆர்பிஎம் ஒரே அளவு விழ வேண்டும். விழாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரே காயிலைப் பகிரும் 1, 4 அல்லது 2, 3 ஜோடியாகச் சோர்ந்திருந்தால் காயில் பக்கம் பாருங்கள். தனியாக ஒன்று என்றால் பிளக், இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன். எஞ்சின் முன்பு பெட்ரோலுக்குப் பதில் கேஸில் ஓடிய வண்டியினுடையதாக இருந்தால் எக்ஸாஸ்ட் டாப்பெட் க்ளியரன்ஸ் (வால்வுக்கு மேல் விட வேண்டிய இடைவெளி) குறைந்து வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். பிரித்துப் போடுவதற்கு முன் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து நான் உறுதியாகச் சொல்வது, மூடிய த்ராட்டிலைத் தாண்டி உபரிக் காற்று போகிறது என்பது. எந்த வழியில் என்பது ஊகம். பிரேக் மிதித்தால் மாறுவதால் பூஸ்டர் லைனுக்கு முதல் வாக்கு, கேபிளுக்கு இரண்டாவது. லீக்கை அடைத்ததும் பேட்டரி நெகட்டிவைச் சில நிமிடம் கழற்றி வைத்து, மறுபடி மாட்டி, லைட் எதுவும் போடாமல் நன்றாகச் சூடாகும் வரை ஐடிலிங்கிலேயே ஓட விடுங்கள். பழைய தப்புக் கணக்கு அழிந்து புதிது ஏறும். எஞ்சின் நம்பர் மாறியிருப்பதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓவில் ஆர்சியில் பதிந்தாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஐஏசி துளையை அடைத்தபோது ஆர்பிஎம் எவ்வளவு நின்றது, எந்த ஹோஸை நசுக்கியபோது விழுந்தது, விளக்கு என்ன கோடு காட்டியது, பிளாக்கில் எத்தனை வோல்ட் வந்தது என்ற நான்கையும் இங்கேயே எழுதுங்கள். அதற்கு மேல் எந்தப் பக்கம் போவது என்று அப்போது சொல்ல முடியும்.